பத்தாம் வகுப்பும் பரிணாமமும்

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம், சுருக்கமாக என்.சி.இ.ஆர்.டி., வெளியிடும் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் பாரம்பரியத்தையும் பரிணாமத்தையும் சேர்த்துப் பேசிவந்த இயல், 2022ஆம் ஆண்டின் பாடக் குறைப்புக்குப் பின் பாரம்பரியத்தை மட்டும் பேசுவதாகச் சுருங்கியது. பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு எவ்வாறு கடத்தப்படுகின்றன என்று விளக்கும் மெண்டலின் விதிகள் அதில் எஞ்சின. அந்தப் பண்புகள் பல்லாயிரம் தலைமுறைகளில் சிறுகச் சிறுக மாறி, ஓர் உயிரினத்திலிருந்து வேறோர் உயிரினம் கிளைப்பது எவ்வாறு என்னும் பகுதியும், பாறை அடுக்குகளில் பதிந்து கல்லாகிப்போன பண்டைய உயிர்களின் எச்சங்களாகிய புதைபடிவங்கள் பற்றிய பகுதியும், மனிதனின் பரிணாமமும், சார்லஸ் டார்வின் பற்றிய குறிப்பும் நீக்கப்பட்டன. இந்த நீக்கம் எழுப்பிய விவாதம் பெருநகரங்களின் ஆய்வு நிறுவனங்களிலும் ஆங்கில நாளேடுகளிலுமே பெரிதும் நடந்தது என்றாலும், அதன் விளைவு எவ்வளவு விசித்திரமானது என்பதைக் காண்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் பண்ணைப்புரம் ஏற்ற இடமாகும்.

தேனி மாவட்டத்தின் உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்த இப்பேரூர், இசையமைப்பாளர் இளையராஜாவின் பிறந்த ஊராக உலகுக்கு அறிமுகமானது. இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோர் நிறைந்த பகுதி என்பது அதன் அன்றாட அடையாளம். இவ்வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் பயில்பவர்களின் கையில் இருப்பது தமிழ்நாடு அரசின் பாடநூல். 2019ஆம் ஆண்டு புதிதாக எழுதப்பட்ட அதன் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று தனி அலகே உண்டு. அதே தெருவிலிருந்து கட்டணம் செலுத்திப் பள்ளி வேனில் ஏறி, நகரத்துச் சி.பி.எஸ்.இ. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் நூலிலோ அப்பகுதி இல்லாமற்போயிற்று. கூடுதல் பணம் கொடுத்தால் கூடுதல் கல்வி கிடைக்கும் என்னும் பெற்றோரின் நம்பிக்கைக்கு இந்த ஓர் இயலில் மட்டும் நேர்மாறான விடை கிடைத்திருக்கிறது.

நீக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களைப் புறந்தள்ளிவிட இயலாது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டு மாணவர்கள் திணறியபோது பாடச்சுமையைக் குறைக்க வேண்டியிருந்தது உண்மை. ஒரே செய்தி வெவ்வேறு வகுப்புகளில் திரும்பத் திரும்ப வருவது, வயதுக்கு மீறிய கடினம், ஆசிரியர் துணையின்றித் தாமே படித்துக்கொள்ளத் தக்கது, இன்றைய சூழலுக்குப் பொருந்தாதது முதலிய அளவுகோல்களை வைத்து எல்லா நூல்களிலும் வெட்டியதாக என்.சி.இ.ஆர்.டி. கூறியது. தனிமங்களின் ஆவர்த்தன அட்டவணையும் அந்த வெட்டில் பத்தாம் வகுப்பைவிட்டுச் சென்றது. தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கியது நிலையாகிவிட்டதைக் கண்டு, பிரேக்த்ரூ அறிவியல் கழகத்தின் முன்முயற்சியில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் 2023 ஏப்ரலில் ஒரு வெளிப்படைக் கடிதம் எழுதினர். அதற்கு அரசுத் தரப்பு அளித்த மறுமொழியின் சாரம், பரிணாமப் பாடம் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நூலில் அப்படியே இருக்கிறது, விரும்புபவர் அங்கே படிக்கலாம் என்பதாகும்.

விவாதத்தின் முடிச்சு அந்த மறுமொழியில்தான் இருக்கிறது. இந்தியப் பள்ளிக் கல்வியில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக அறிவியல் படிக்கும் கடைசி வகுப்பு பத்து. அதற்குப் பின் ஒருவர் வணிகவியல் பிரிவுக்குப் போகிறார்; ஒருவர் கணினி அறிவியலுக்குப் போகிறார்; ஒருவர் ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்கிறார். ஒருவர் படிப்பையே நிறுத்திவிட்டுத் தோட்ட வேலைக்கு ஜீப் ஏறுகிறார். உயிரியலைத் தேர்ந்தெடுக்கும் சிறுபான்மையினரே பன்னிரண்டாம் வகுப்பில் டார்வினைச் சந்திக்கின்றனர். ஆகவே ஒரு பாடத்தைப் பத்திலிருந்து பன்னிரண்டுக்கு நகர்த்துவது, எல்லாருக்கும் உரிய ஒன்றைச் சிலருக்கு உரியதாக்குவதாகும். வருங்கால மருத்துவருக்கு மட்டும் பரிணாமம் தெரிந்தால் போதும், வருங்கால விவசாயிக்கும் வாக்காளருக்கும் வேண்டியதில்லை என்ற முடிவை யாரும் வெளிப்படையாக எடுக்கவில்லை. வகுப்பை மாற்றியதன் வழியே அது தானாக எடுக்கப்பட்டுவிட்டது.

டெல்லியில் வெட்டிய பாடம் தமிழக அரசுப் பள்ளியில் தப்பியது தற்செயலும் அன்று. கல்வி முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அதனை ஒன்றிய அரசும் மாநில அரசும் பங்கிட்டுக்கொள்ளும் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. தமிழ்நாட்டில் அந்த மாற்றத்தின் மீதான வருத்தம் இன்றளவும் ஆறவில்லை. ஆனால் அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராய்ந்தறியும் உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்னும் 51அ(எச்) பிரிவை அரசியலமைப்பில் சேர்த்ததும் அதே திருத்தம்தான் என்பதைப் பலர் நினைவுகூர்வதில்லை. பொதுப்பட்டியலிலும் பாடநூல் எழுதும் வேலை மாநிலங்களிடமே பெரிதும் தங்கியிருப்பதால், 2010ஆம் ஆண்டின் சமச்சீர்க் கல்விச் சட்டம், 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதனை நடைமுறைப்படுத்தச் சொன்ன தீர்ப்பு ஆகியவற்றின் வழியே உருவான பொதுப் பாடத்திட்டம், பின்னர் திருத்தி எழுதப்பட்டபோதும் பரிணாமத்தைப் பத்தாம் வகுப்பிலேயே வைத்திருந்தது.

அமெரிக்காவில் இவ்விவாதம் வேறு முகம் கொண்டது. 1925இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் நகரில், மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து வந்தான் என்று பள்ளியில் கற்பிப்பதைத் தடைசெய்த சட்டத்தை மீறியதற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அத்தகைய தடைகள் அரசியலமைப்புக்கு எதிரானவை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூற 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே விவிலியத்தின் படைப்புக் கதையும் டார்வினும் நேருக்கு நேர் மோதினர். இந்தியாவில் நேரடி மறுப்பு இல்லாமல் இல்லை. 2018 ஜனவரியில் ஒன்றிய இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் கண்டதில்லை என்றும் டார்வின் கோட்பாடு தவறு என்றும் பேசினார்; நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. 2023 அக்டோபரில் டார்வினையும் ஐன்ஸ்டீனையும் எதிர்த்து ஒருவர் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. எனினும் இங்கே பெருவழக்காக இருப்பது மறுப்பைவிட உரிமை கோரல்தான்: பரிணாமம் பொய் என்பவரைக் காட்டிலும், அதனை நம் முன்னோர் என்றோ சொல்லிவிட்டனர் என்பவரே மிகுதி.

2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஒருவர், தசாவதாரம் டார்வினின் கோட்பாட்டைவிட மேம்பட்டது என்று பேசினார். மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், குள்ள உருவம் என்று அவதாரங்கள் செல்லும் வரிசையை நீர்வாழ் உயிரிலிருந்து மனிதன் வரையான வளர்ச்சியாகக் காணும் இவ்விளக்கம் மிகப் பழமையானது போல் மேடைகளில் ஒலிக்கிறது. ஆனால் இது அச்சேறியது, டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளியாகிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1877இல் எலனா பிளாவட்ஸ்கி வெளியிட்ட நூலில். பின்னாளில் சென்னை அடையாற்றில் தலைமையகம் அமைத்த பிரம்மஞான சபையின் நிறுவனர்களுள் அவர் ஒருவர். தமிழ் மேடைகளில் தசாவதாரத்தின் இடத்தைத் திருவாசகத்தின் சிவபுராணப் பகுதியும் தொல்காப்பிய மரபியலும் பிடித்துக்கொள்கின்றன. புல் முதலாகத் தேவர் ஈறாக மாணிக்கவாசகர் அடுக்கும் பிறவிகள் ஓர் உயிர் வினைப்பயனால் எடுத்து இளைத்த பிறவிகள். பக்தியின் உருக்கத்தைச் சொல்ல வந்த பாடலை உயிரியல் அறிக்கையாக்குவதால் அப்பாடலுக்குப் பெருமை எதுவும் சேரவில்லை. ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களைப் பிரிக்கும் தொல்காப்பியம் கூர்மையான வகைப்பாடுதான். ஆனால் வகைப்படுத்துவது வேறு, வகைகள் எவ்வாறு தோன்றின என்று விளக்குவது வேறு. உயிரினங்களுக்கு இன்றும் வழங்கும் இருசொற் பெயரீட்டு முறையை வகுத்த லின்னேயஸ்கூட அவற்றைப் படைப்பின்போதே அமைந்த வகைகளாகத்தான் கண்டார்.

பரிணாமக் கோட்பாடு சொல்வது என்ன? ஓர் உயிரினத்தின் கூட்டத்தில் எந்த இரண்டும் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்த வேறுபாடுகளில் சில மரபணுக்களின் வழியே அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்படுகின்றன. பிறப்பவை எல்லாம் பிழைப்பதில்லை. அந்தந்தச் சூழலில் பிழைக்கவும் பெருகவும் உதவிய பண்பு உடையவை கூடுதலான வாரிசுகளை விட்டுச்செல்கின்றன. ஆகவே தலைமுறைகள் செல்லச் செல்லக் கூட்டத்தின் இயல்பே மாறுகிறது. இதற்கு இயற்கைத் தேர்வு என்று பெயர். இதில் மேலே ஏறும் படிக்கட்டும் இல்லை, சென்றடைய வேண்டிய முடிவிடமும் இல்லை. மேகமலையின் சிங்கவால் குரங்கு மனிதனாகும் வழியில் பாதியில் நின்றுவிட்ட உயிரன்று. அதற்கும் மனிதனுக்கும் ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பொது மூதாதை இருந்தது, அதிலிருந்து இரு கிளைகளும் தத்தம் வழியே வந்தன. குரங்கு மனிதனானதை யாரும் பார்க்கவில்லையே என்ற கேள்வி பாடத்தைப் படிக்காததால் எழுவது. அதனை அமைச்சர் கேட்பதைவிட, விடையே தெரியாமல் பதினைந்து வயதுப் பிள்ளை கேட்டுக்கொண்டிருப்பது பெரிய இழப்பு.

தமிழ்நாட்டில் இப்பாடம் பள்ளிக்கு வெளியேயும் பேசப்பட்ட வரலாறு உண்டு. 1930களில் ம. சிங்காரவேலர் 'குடிஅரசு' இதழில் அறிவியல் கட்டுரைகளைத் தமிழில் எழுதினார். திராவிட இயக்கத்தாரும் பொதுவுடைமையரும் தத்தம் மேடைகளில் அறிவியலைப் பேசினர். பண்ணைப்புரத்தின் பாவலர் வரதராசனின் பாட்டுக் குழு வளர்ந்தது அத்தகைய பொதுவுடைமை மேடைகளில்தான். ஆயினும் மேடைப் பேச்சில் டார்வின் கடவுள் மறுப்புக்கு ஒரு சாட்சியாக வந்து போனாரே தவிர, அவர் காட்டிய சான்றுகள் மக்கள் கண்முன் விரிக்கப்பட்டது குறைவு. டார்வின் தம் நூலைப் புதைபடிவத்தோடும் தொடங்கவில்லை, கடவுளோடும் தொடங்கவில்லை. வீட்டு வளர்ப்பு உயிர்களோடு, குறிப்பாகப் புறாக்களோடு தொடங்கினார். வளர்ப்பவர் தமக்குப் பிடித்த பண்புடையவற்றையே இணைசேர்த்துச் சில தலைமுறைகளில் புதுப்புது வகைகளை உண்டாக்குவதாகிய செயற்கைத் தேர்வை ஒப்புக்கொள்ளும் வாசகர், அதே வேலையை இயற்கை நீண்ட காலத்தில் செய்யக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்வார் என்பது அவருடைய வாதமுறை.

பண்ணைப்புரத்துப் பிள்ளைக்கு இதற்காக லண்டன் புறாக்கள் வேண்டியதில்லை. பக்கத்து ஊரான கோம்பையின் பெயரைத் தாங்கிய நாய் வகை இருக்கிறது. காவலுக்கும் வேட்டைக்கும் உகந்த வலிமையும் துணிவும் செம்பழுப்பு நிறமும் கொண்டதாகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட கோம்பை நாயும், வெள்ளை நிறத்து ராஜபாளையம் நாயும், ஒல்லியாய் ஓடும் சிப்பிப்பாறை நாயும் ஒரே இனத்தவை; அவற்றைப் பிரித்தது மனிதக் கையின் தேர்வு.

இயற்கைத் தேர்வுக்கோ தோட்டத்துக்குள் போனால் போதும். முதலில் அடித்தபோது கொத்துக் கொத்தாகப் பூச்சியைக் கொன்ற மருந்து சில ஆண்டுகளில் பலிக்காமற்போவதை, "மருந்து கேட்கவில்லை" என்று விவசாயிகள் சொல்வார்கள். பூச்சிக்கு மருந்து பழகிப்போய்விட்டது என்று அவர்கள் கருதுவதும் உண்டு. எந்தத் தனிப் பூச்சியும் பழகுவதில்லை. கோடிக்கணக்கான பூச்சிகளில் ஏதோ சிலவற்றுக்கு, மரபணுவில் நேர்ந்த தற்செயல் மாற்றத்தால், அந்த நஞ்சைத் தாங்கும் இயல்பு முன்பே இருந்திருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடத்தைக் காலிசெய்து கொடுத்தது. அடுத்த ஆண்டு தோட்டத்தில் இருப்பவை அவற்றின் வாரிசுகள். ஒரே மருந்தை ஓயாமல் அடிப்பதைவிட வெவ்வேறு விதமாகச் செயல்படும் மருந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும் என்ற வேளாண் அலுவலரின் அறிவுரை இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததே. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. கொடியிலிருந்து வெட்டிய குச்சியை நட்டே அது பெருக்கப்படுவதால் தோட்டத்துக் கொடிகள் எல்லாம் மரபணு வகையில் ஏறத்தாழ ஒன்றே. சுவை மாறாமல் இருப்பதற்குக் காரணமும் அதுவே, நோய் வந்தால் எல்லாக் கொடிகளையும் ஒருசேரத் தாக்குவதற்குக் காரணமும் அதுவே. கொடி மாறாமல் நிற்க, அதைத் தாக்கும் பூஞ்சை மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் இருபுறமும் எழும் மலைகளில் இன்னும் பெரிய சான்றுகள் உள்ளன. கிழக்கே மேகமலைப் பகுதியில் 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்னும் இயற்கையியலாளர் பிடித்த பழந்தின்னி வௌவால் ஒன்று, சாதாரண வகை என்று கருதப்பட்டு மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் கிடந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதன் பல்லமைப்பையும் மண்டையோட்டையும் ஆராய்ந்து, அது புதிய இனம் மட்டுமன்றிப் புதிய பேரினமே என்று கண்டு, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். அந்தப் பேரினத்தில் அது ஒன்றுதான் உண்டு.

இவை எல்லாவற்றையும்விட வியப்பானது பன்றிமூக்குத் தவளை என்றும் ஊதாத் தவளை என்றும் சொல்லப்படும் உயிர். உப்பிய உடலும் கூர்ந்த மூக்கும் கொண்டு, கறையானைத் தின்று, ஆண்டில் ஏறக்குறைய முழுவதும் மண்ணுக்குள் வாழும் இத்தவளை, இனப்பெருக்கத்துக்காகச் சில நாட்கள் மட்டும் வெளியே வருகிறது. இடுக்கிப் பகுதியில் கண்ட தவளையை எஸ். டி. பிஜுவும் ஃபிராங்கி போசுயிட்டும் 2003இல் அறிவியல் உலகுக்கு விவரித்தபோது, அதன் நெருங்கிய உறவு இந்தியாவில் எங்கும் இல்லை, நெடுந்தொலைவில் இந்தியப் பெருங்கடலின் செஷெல்ஸ் தீவுகளில் இருக்கிறது என்று மரபணு ஆய்வு காட்டியது. இரண்டின் வழிகளும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்தவை. அக்காலத்தில் இந்தியா, மடகாஸ்கர், செஷெல்ஸ் ஆகியன கோண்டுவானா என்னும் பெருநிலத்திலிருந்து உடைந்துகொண்டிருந்த ஒரே நிலத்தொகுதியாக இருந்தன. நிலம் பிளந்து நகர்ந்தபோது உறவுகள் தனித்தனி நிலங்களில் ஏறிப் பயணம் போயின. கடலைத் தாண்டத் தவளையால் எளிதில் இயலாது என்னும் எளிய உண்மையைக் கொண்டே கண்டங்களின் நகர்வை மெய்ப்பிக்கலாம் போலும்.

கதை அத்துடன் முடியவில்லை. 2017இல் மலையின் கிழக்குச் சரிவில், திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயப் பகுதியிலிருந்து, இத்தவளையின் இரண்டாவது இனம் விவரிக்கப்பட்டு, மறைந்த ஊர்வன ஆய்வாளர் சு. பூபதியின் பெயரைப் பெற்றது. 2021இல் அச்சரணாலயமும் மேகமலையும் சேர்ந்து ஒரே புலிகள் காப்பகமாயின. மேற்குச் சரிவுக்குப் பெருமழை தருவது தென்மேற்குப் பருவக்காற்று. மலை அதனை மறித்துவிடுவதால் கம்பம் பள்ளத்தாக்கில் அது சாரலும் காற்றுமாகவே வந்துபோகிறது. கிழக்குச் சரிவின் ஓடைகள் நிறைவது ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழையில். ஓடை பெருகும்போது முட்டையிடும் தவளைக்கு, ஒரு புறம் ஆனி மாதமும் மறுபுறம் ஐப்பசியும் இணைசேரும் காலமாகிவிட்டால், இரு கூட்டங்களும் சந்திக்கவே வழியில்லை. சந்திக்காத கூட்டங்களின் மாற்றங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. கலக்காமல் சேர்ந்த மாற்றங்கள் ஒரு கட்டத்தில் அவற்றை இரண்டு இனங்களாக்குகின்றன. இதற்கு இனவாக்கம் என்று பெயர். பாடநூல் இரண்டு வரியில் வரையறுக்கும் இந்தச் சொல்லை, இரண்டு பருவமழைகளின் வேறுபாட்டைப் பிறந்தது முதல் பார்த்துவரும் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக விளக்கும் சான்று வேறில்லை. மாநிலம் முழுமைக்கும் எழுதப்படும் ஒரு நூல் ஒவ்வொரு வட்டாரத்தின் தவளையையும் வௌவாலையும் சுமக்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர் ஆசிரியர். பொதுத்தேர்வின் ஒரு மதிப்பெண் வினாக்களுக்குள் பாடத்தை அடக்க வேண்டிய நெருக்கடியில் அவருக்கு அதற்கான நேரம் தரப்படுவதில்லை என்பதும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

மனிதப் பரிணாமத்துக்கு வரும்போது தென் மாவட்டங்களில் இடிப்பது கடவுளன்று, சாதி. உசிலம்பட்டியை அடுத்த சிற்றூர் ஒன்றில், மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பனும் ஸ்பென்சர் வெல்ஸும் ஈடுபட்ட ஆய்வில், எம்130 என்னும் மரபணு அடையாளம் கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன்பு கடலோரமாகப் பரவிச் சென்ற மனிதக் கூட்டத்தோடு தொடர்புடைய இந்த அடையாளத்தின் வழித்தோன்றல்கள் ஆஸ்திரேலியத் தொல்குடியினரிடமும் உண்டு. செய்தி வெளியானபோது 'முதல் இந்தியர்' என்ற பட்டமே தலைப்பாயிற்று. ஓர் ஊரின், ஒரு குலத்தின் பெருமையாக அது பேசப்பட்டது. நாங்குநேரி மாணவர் தாக்கப்பட்ட 2023ஆம் ஆண்டு நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்டு, பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யுமாறு 2024 ஜூனில் பரிந்துரைத்த நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கையை நினைவில் வைத்துப் பார்த்தால், இந்த ஆய்வை வகுப்பறையில் சரியாக விளக்குவது எவ்வளவு தேவையானது என்பது புரியும்.

எம்130 அமைந்திருப்பது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் நிறப்புரியில். ஒருவருக்குப் பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர், அவர்களைப் பெற்றோர் எண்மர் என்று இரட்டித்துக்கொண்டே சென்றால், பத்தாவது தலைமுறையில் முன்னோரின் எண்ணிக்கை 1,024 ஆகிறது. ஒய் நிறப்புரி அவர்களுள் ஒரே ஒருவரின் செய்தியைத்தான் சுமந்துவருகிறது, எஞ்சிய 1,023 பேரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இவ்வாறு பெருகும் எண்களுக்குரிய பெருக்குத் தொடர்வரிசை, அதே பத்தாம் வகுப்பின் கணித நூலில், பரிணாமம் படிக்கும் அதே ஆண்டில், அரசுப் பள்ளி மாணவரின் பையில் இருக்கிறது.